வெர்பீனா போட்டுப் பார்த்த பச்சைத் தொப்பி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சீஃபஸ் டட்டிலின் மீன்கடையில் கெளுத்தி வாங்கப் போனபோது, அவர் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னது. மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கதையைச் சும்மா கொடுத்தார். சும்மா வருகிற சரக்கில் எங்கே ஓட்டை என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது நான் வளர்ந்த சந்தையின் வழக்கம். ஆகவே பக்கத்துச் சிகையலங்காரக் கடையில் விசாரித்தேன். வேறொரு கதை கிடைத்தது. எங்கள் தேவாலயப் போதகர் ரெவரெண்ட் பெட்வேயிடம் போனேன். மூன்றாவது கதை ஒன்றும், அதைத் தொடர்ந்து காணிக்கைத் தட்டும் வந்தன.

கடைசியில் சீஃபஸின் மனைவி வெர்பீனாவிடமே போய் நின்றேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எழுதப் போறியா? தாராளமா எழுது. என் தலை பெருசுன்னு மட்டும் எழுதாதே."

வெர்பீனாவின் தலை பெரியது.

(மன்னிக்க வேண்டும். அது இல்லாமல் கதை நகராது. இன்னும் சில பத்திகளில் உங்களுக்கே தெரியும்.)

இனி ஆரம்பம். தொடக்க வரிக்குச் சில மாதிரிகள் எடுத்து வைக்கிறேன்.

1960ஆம் ஆண்டு வசந்தத்தில், ஜார்ஜியா மாநிலத்தின் டாலிவில் என்னும் சிற்றூரில், நூற்றாண்டுகால அநீதியின் இருள் —

(வேண்டாம். இருள் என்று போட்டால் முடிவில் விடியல் கேட்பீர்கள். கையிருப்பில் இல்லை.)

அவள் விழியோரம் ஒரு துளி —

(வெர்பீனா அழுது யாரும் பார்த்ததில்லை. அவள் நறுக்கும்போது வெங்காயம்தான் அழும் என்பார் சீஃபஸ்.)

தொப்பி பச்சை நிறம்.

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

தொப்பி பச்சை நிறம். வெள்ளைக்காரர் கிரிம்ஷாவின் தொப்பிக்கடைக் கண்ணாடி ஜன்னலில், மரத்தலை ஒன்றின்மேல், ஈஸ்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அகன்ற விளிம்பு, ஓரத்தில் மெழுகுச் செர்ரிப் பழங்கள் ஒரு கொத்து, பின்னால் ஒரு நீள இறகு. எங்கள் ஊரில் ஈஸ்டர் என்றால் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். அதற்கு அடுத்தபடியாக, தொப்பி. சில பெண்மணிகளுக்கு இந்த வரிசை மாறியும் இருக்கும்.

கிரிம்ஷா கடையில் எங்கள் ஆட்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். காசுக்கு நிறம் கிடையாது. தலைக்குத்தான் உண்டு. கறுப்புத் தலையில் பட்ட தொப்பி விற்றுப்போன தொப்பி. போட்டுப் பார்த்தவள் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் வாங்கியாக வேண்டும். அதற்குமேல் வெள்ளைக்காரச் சீமாட்டி எவளும் அதைத் தொடமாட்டாளாம்.* ஆகவே தொப்பியை உச்சந்தலைக்குமேல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, இது நமக்குச் சேருமா என்று மனக்கணக்குப் போட வேண்டும். விற்பனைக்காரி மிஸ் மேபெல் குனிந்து, தலைக்கும் தொப்பிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். அங்கே மூன்று சிறகு வைத்த பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. எங்கள் பெண்கள் உள்ளே வந்தால் மேபெல் அதன் சிறகுகளை மடக்கிவிடுவாள், வேண்டாத விருந்தாளியைக் கண்டு பலகாரத்தை மூடுவதுபோல.

(* இந்த விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. எழுதினால் படித்துப் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வந்துவிடும் என்கிற பயமாக இருக்கலாம்.)

இப்போது தலை விஷயத்துக்கு வருகிறேன். சராசரித் தலைக்காரிகள் மனக்கணக்கில் எப்படியோ கரையேறிவிடுவார்கள். வெர்பீனா வாங்கிய தொப்பி ஒன்றுகூட அவள் தலையில் இறங்கியதில்லை. கோபுரத்தின் உச்சியில் புறா உட்கார்ந்ததுபோல் மேலேயே நிற்கும். ஊசிகளை நம்பி வாழ்ந்தாள். பிரசங்கத்தின் நடுவே அவள் 'ஆமென்' என்று தலையை அசைத்தால் முன்வரிசை உஷாராகிவிடும். ஒரு தொப்பி பறந்துபோய் ஞானஸ்நானத் தொட்டியில் விழுந்து, எந்தப் பாவமும் செய்யாமலே முழுக்குப் பெற்றது.

வெர்பீனாவுக்கு வேண்டியது இதுதான்: வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தொப்பியை, வாங்குவதற்கு முன்னால் தலையில் வைத்து, அந்த மூன்று சிறகுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கதையில் இதைவிடப் பெரிய ஆசை யாருக்கும் இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தைத் தேடாதீர்கள். அதுவும் இதற்குள்தான் எங்கோ கிடக்கிறது.

3

அந்தத் தொப்பிமேல் இன்னொரு கண்ணும் இருந்தது. வங்கி மேலாளரின் மனைவி மிஸஸ் ஸ்டாட். வெர்பீனா சமையல் செய்வது அவள் வீட்டில்தான்.

"வெர்பீனா, கிரிம்ஷா கடையில ஒரு பச்சைத் தொப்பி வந்திருக்கு பாத்தியா?"

"பாத்தேங்க மேடம்."

"எனக்குன்னே செஞ்சாப்புல இருக்கில்ல?"

வெர்பீனா மிஸஸ் ஸ்டாட்டின் தலையை ஒருமுறை பார்த்தாள். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. "ஆமாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மாவை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

அடுத்த ஞாயிறு ரெவரெண்ட் பெட்வே பிரசங்க மேடையில் அறிவித்தார்: ஈஸ்டர் முடியும்வரை கடைவீதியில் யாரும் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது. நம்மைத் தலைநிமிர விடாத கடைக்கு நம் காசு போகக் கூடாது. பழைய உடுப்போடு உயிர்த்தெழுதலைக் கொண்டாடுவோம். ஆண்கள் பக்கமிருந்து பலத்த ஆமென். பெண்கள் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. மெழுகுவர்த்திகள் அணைந்ததாகச் சிகையலங்காரக் கடையில் சொன்னார்கள்; அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆராதனை முடிந்து அடித்தளக் கூடத்தில் கூட்டம். கடைவாசலில் அட்டை பிடித்து நிற்பது என்று ரெவரெண்ட் திட்டம் சொன்னார். வெர்பீனா எழுந்தாள்.

"ரெவரெண்ட், ஒரு சந்தேகம். நம்ம தலை பட்டா அந்தத் தொப்பிய வெள்ளைக்காரங்க வாங்கமாட்டாங்க. அதானே கிரிம்ஷா சொல்றது?"

"ஆமா சிஸ்டர் டட்டில்."

"அப்ப எல்லாத் தொப்பியிலயும் பட்டுட்டா?"

 இனிப்புக் கடையில் கதவு திறந்ததுபோல், பெண்கள் முகத்தில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது.

"இது அகிம்சைக்குள்ள வருமா?" என்று யோசித்தார் ரெவரெண்ட்.

"தலை என்ன ஆயுதமா ரெவரெண்ட்?"

"சிலருக்கு" என்றார் பின்னாலிருந்து சீஃபஸ்.

4

அந்தக் காலத்தில் எந்தப் போராட்டத்துக்குப் போனாலும் முன்னால் ஒத்திகை உண்டு. பாதிப்பேர் வெள்ளைக்காரர்களாக நடிப்பார்கள். திட்டுவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், நாற்காலியை இழுப்பார்கள். மீதிப்பேர் கல்லாக இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசினால், கை ஓங்கினால், தோல்வி. தோற்றவர் வீட்டோடு இருந்து போராட்டக்காரர்களுக்கு ரொட்டி சுட வேண்டும். கேலியாகத் தெரியலாம். ஆனால் வெளியே கை ஓங்கியவர்களுக்கு என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பெயரைச் சொல்லவே தேவையில்லாதபடி தெரியும்.

தொப்பி கைவசம் இல்லாததால் பெண்கள் தலையில் வாணலியும் வடிதட்டும் வைத்து உட்கார்ந்தார்கள். கிரிம்ஷாவாக நடிக்க சீஃபஸ் முன்வந்தார். வாயில் அணைந்த சுருட்டு, வயிற்றில் தலையணை. மனிதர் பாத்திரத்துக்குள் போய்விட்டார்.

"ஏய் பொண்ணே, உங்களுக்கெல்லாம் எதுக்குடி தொப்பி?"

வெர்பீனா கல்.

"எந்திரி! வந்த வழியே போ!"

கல். கழுத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். கல். நாற்காலியை இழுத்தார்கள். தரையில் உட்கார்ந்தபடியே கல். ரெவரெண்ட் கண்ணில் பெருமை ததும்பியது.

சீஃபஸ் சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "உன் தலைக்குத் தொப்பி தைக்கணும்னா சர்க்கஸ்காரன் கூடாரத்தைத்தான் பிரிக்கணும்."

வடிதட்டு சீஃபஸ் நெற்றியில் போய் விழுந்த ஓசை தெருமுனைவரை கேட்டதாம்.

"சிஸ்டர் டட்டில்" என்றார் ரெவரெண்ட் வேதனையோடு, "நீங்க தோத்துட்டீங்க."

"அவரு வெள்ளைக்காரன் மாதிரி பேசலை ரெவரெண்ட். புருஷன் மாதிரி பேசினாரு. அது கணக்குல வராது."

"கிரிம்ஷாவும் அதையே சொன்னா?"

வெர்பீனா வடிதட்டைப் பொறுக்கி எடுத்தாள். யோசனை அவளுடையது. போகப்போவது மற்றவர்கள். கண்ணாடியில் பார்க்கப்போவதும் மற்றவர்கள். அவள் ரொட்டி சுடுவாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வார அவகாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவனை உட்கார வைத்தாள்.

"யோவ், தினம் என் தலையைத் திட்டு."

"என்னது?"

"சாப்பாட்டுக்கு முன்னால, சாப்பாட்டுக்குப் பின்னால. நல்லாத் திட்டு. நான் அசையாம இருந்து பழகணும்."

கல்யாண வாழ்க்கையில் அதுபோல ஒரு வாரம் அதற்குமுன் வாய்த்ததில்லை என்று சீஃபஸ் சொல்லும்போது கண் கலங்கினார். அவர் சொன்னவற்றில் அச்சில் போடக்கூடியது ஒன்றே ஒன்று: "நீ மழையில நின்னா பக்கத்துல நாலு பேரு நனையாம போலாம்." வார முடிவில் வசை தீர்ந்துபோனது. கூடவே, வெர்பீனா அடிக்கவில்லை என்றால் திட்டுவதில் சுவையும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. மறு ஒத்திகையில் அவள் ஜெயித்தாள்.

5 (ஒரு பாத்திரத்தைப் பற்றிய தகராறு)

முதல் பிரதியில் சீஃபஸைக் கோழையாக எழுதியிருந்தேன். மனைவியைப் போகாதே என்று தடுக்கிற, முழங்கால் நடுங்குகிற கணவன். கதைக்கு அப்படி ஓர் ஆள் உபயோகம். விஷயம் எப்படியோ மீன்கடைக்குப் போய்விட்டது.

"என்னைக் கோழைன்னு எழுதினியாமே தம்பி?"

"கதைக்காகத்தாண்ணே..."

"சரி, எழுது. மீனை மட்டும் இனிமே வேற எங்கயாவது வாங்கிக்க."

ஆகவே திருத்துகிறேன். போவதற்குக் குறித்திருந்த சனிக்கிழமை காலை கிரிம்ஷா கடை திறந்ததும், சீஃபஸ் தன் மீன்வண்டியைக் கடைவாசலை ஒட்டி நிறுத்தி, சக்கரம் கழன்றுவிட்டதாகச் சொல்லி அதன் அடியில் படுத்துவிட்டார். வண்டியில் முந்தைய வாரத்து மீன். வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்திகூட மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பக்கம் வரமுடியவில்லை. உள்ளே வேலை முடிகிறவரை கடை எங்கள் பெண்களுக்கு மட்டும். இதை வீரம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனால் போலீஸ்காரர் இரண்டுமுறை வந்து வண்டியை உதைத்தபோதும் மனிதர் அடியிலேயே கிடந்தார். முழங்கால் நடுங்கியிருந்தாலும் படுத்திருந்ததால் தெரியாது.

6

பெண்கள் உள்ளே போனார்கள். நல்ல உடுப்பு, வெள்ளைக் கையுறை, முந்தினநாள் படியவைத்த தலைமுடி.

"என்ன வேணும்?" என்றாள் மிஸ் மேபெல், கண்ணாடியின் சிறகை மடக்கிக்கொண்டே.

"சும்மா பாக்கத்தாங்க வந்தோம்" என்றாள் வெர்பீனா.

பார்த்தார்கள். கையால் எடுத்து, தலையில் வைத்து, நன்றாக அழுத்தி, பக்கத்திலிருப்பவளிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டு, கழற்றி, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே பதமாக வைத்தார்கள். பிறகு அடுத்தது. ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி எடுத்தாள், எதுவும் விட்டுப்போகக் கூடாதே.

"ஐயோ! படுது! படுது!" என்று மேபெல் இங்கும் அங்கும் ஓடினாள். ஒரு தொப்பியைக் காப்பாற்றப் போய் இன்னொன்றின்மேல் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து கிரிம்ஷா இறங்கி வந்தார். கழுத்தில் காலைச் சாப்பாட்டுத் துணி.

"என்ன நடக்குது இங்க? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார்" என்றாள் வெர்பீனா. குரலில் ஒத்திகையின் கல். "எல்லாத் தொப்பியும் எங்க தலையில பட்டுச்சுன்னு எழுதிக்குவாங்க. நாளைக்குப் பேப்பர்ல வரும். ஸ்டாட் அம்மா பேப்பர் படிப்பாங்க. காப்பியோட நான்தான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

இங்கே கதையை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். இனவெறியைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, போணிகூட ஆகாத காலையில், கடைநிறையச் சரக்கோடு நிற்கிற வியாபாரியின் முகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அந்த முகம் தெரியும். வெறுப்பு ஒரு தட்டில், சரக்கு ஒரு தட்டில். தராசு ஆடியது. ஆடி ஆடி —

கிரிம்ஷா போய்க் கதவைச் சாத்தினார். திரையை இழுத்தார்.

"இங்க யாரும் வரலை. யாரும் எதையும் போட்டுப் பாக்கலை. மேபெல், நீ என்ன பாத்தே?"

"கண்ணை மூடிட்டிருந்தேன் சார்."

"யாரும் போட்டுப் பாக்கலைன்னா" என்றாள் வெர்பீனா, "நான் இதைப் போட்டுப் பாத்தாலும் யாரும் போட்டுப் பாக்கலைதானே?"

ஜன்னலிலிருந்து பச்சைத் தொப்பியை எடுத்தாள். கண்ணாடியின் சிறகுகளைத் தானே விரித்தாள். தலையில் வைத்தாள்.

இறங்கியது. ஊசி இல்லாமல், கெஞ்சாமல், வீட்டுக்கு வந்த பிள்ளைபோல இறங்கி உட்கார்ந்தது.

கண்ணாடியில் அவள் கண்டது வெறும் தொப்பியை அல்ல, தன் இனத்தின் —

(அடித்துவிட்டேன். அவள் கண்டது தொப்பியைத்தான்.)

மூன்று வெர்பீனாக்கள் நின்றார்கள். தன் பின்னந்தலையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. பெரிய தலை என்றால் பெரிய தலைதான். ராணிக்கு இருந்தால் யாராவது குறை சொல்வார்களா? மற்ற பெண்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். மேபெல்கூட ஒரு கண்ணைத் திறந்துவிட்டாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சா..." என்றது ஒரு குரல்.

கிரிம்ஷாவின் குரல். அதற்குள் கையும் வந்துவிட்டது. வெர்பீனா தலைமேல் தொப்பியை ஒரு விரல்கடை சாய்த்துவிட்டது. பரம்பரை பரம்பரையாகத் தொப்பி விற்ற கை. சொந்தக்காரரைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. அவர் அதை இழுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

(இந்த இடத்தை நம்பமுடியவில்லை என்று ரெவரெண்ட் சொன்னார். அவர் வியாபாரம் செய்தவர் இல்லை.)

7

"சரி, எடுத்துக்க" என்றார் கிரிம்ஷா முகம் சிவந்து. "சும்மாவே எடுத்துக்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

வெர்பீனா கண்ணாடியைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றாள். எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று ஒருத்தி பின்னாலிருந்து அவள் கையுறையை இழுத்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி மரத்தலைமேல் வைத்தாள்.

"ஈஸ்டர் வரைக்கும் இங்கேருந்து துரும்புகூட எடுக்கறதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கோம் சார். எனக்குத் தொப்பி வேணாம். எங்க ஆளுங்க எல்லாரும் போட்டுப் பாத்து வாங்கணும். அதான் வேணும்."

"நடக்காது. என் வாடிக்கைக்காரங்க..."

"அவங்கதான் சார் இதையெல்லாம் போட்டுக்கப் போறாங்க."

தராசு மறுபடி ஆடியது.

"திங்கக்கிழமை மட்டும்" என்றார்.

"எல்லாக் கிழமையும்."

"பின்பக்கமா வந்து, தலையில ஒரு துணி போட்டுக்கிட்டு..."

"முன்பக்கமா. துணி இல்லாம."

"சின்னக் கைக்கண்ணாடி ஒண்ணு தர்றேன்."

"அது." வெர்பீனா மூன்று சிறகைக் காட்டினாள்.

கிரிம்ஷா கழுத்துத் துணியால் நெற்றியைத் துடைத்தார். "ஈஸ்டர் முடிஞ்ச பின்னால. அதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. ஒரு ஜாடை கூடாது. ஞாயித்துக்கிழமை கோயில் கலைஞ்சு இந்தத் தொப்பியெல்லாம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும், உங்கள்ல ஒருத்தி சிரிச்சாக்கூட பேச்சு ரத்து. சிரிச்சாலே ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"சம்மதம்" என்றாள் வெர்பீனா. சிரிக்காமல் இருப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தாள்.*

(* கிரிம்ஷா வாக்கை மீறமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பீர்கள். விற்ற தொப்பிகள் எல்லாம் கல்லாவுக்கு முன்னால் திரும்பி வந்து வரிசையில் நிற்கிற காட்சி அவருக்குக் கனவில் வந்திருக்கும். எனக்கே வந்தது.)

8

ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் தேவாலயமும் அவர்களுடையதும் ஒரே தெருவில், எதிரும் புதிருமாக. ஆண்டவர் ஒருவர்தான், வாசல் இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கலைந்தன.

எங்கள் பெண்கள் பழைய உடுப்பில், வெறுந்தலையோடு படியில் நின்றார்கள். எதிர்ப்படியில் தொப்பிகள் இறங்கின. மஞ்சள், ஊதா, வலை வைத்தது, பறவை வைத்தது. ஒவ்வொன்றும் தெரிந்த முகம்.

உதடு அசையாமல் பேச்சு நடந்தது.

"அந்த மஞ்சள் எனக்குக் காதைக் கடிச்சுதுடி."

"ஊதா என் தலையில இன்னும் எடுப்பா இருந்துச்சு."

"பறவை பாவம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"அது யாரு, மேபெல் உக்காந்த தொப்பியா? அதையும் வித்துட்டானா?"

யாரோ ஒருத்தி மூக்கின் வழியாக ஒரு சத்தம் விட்டாள். "சிஸ்டர்ஸ்" என்று முணுமுணுத்தார் ரெவரெண்ட், அவர் தோளும் லேசாகக் குலுங்க, "ஒத்திகையை நினைச்சுக்கோங்க." தண்ணீருக்கு ஒத்திகை பார்த்தார்கள். வசைக்குப் பார்த்தார்கள். இதற்கு யாரும் பார்க்கவில்லை.

எதிர்ப்படியில் கிரிம்ஷா நின்று எங்கள் பெண்களின் வாய்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது மிஸஸ் ஸ்டாட் தெருவைக் கடந்தாள். பச்சைத் தொப்பியோடு. வெர்பீனா தலையளவுத் தொப்பி. அது மிஸஸ் ஸ்டாட்டின் நெற்றியைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி, மூக்குத்தண்டில் வந்து உட்கார்ந்திருந்தது. பாரிஸில் இப்படித்தான் போடுகிறார்கள் என்று மேபெல் சத்தியம் செய்திருக்கிறாள். வழி தெரிவதற்காக அவள் முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கைகளை நீட்டித் தடவிக்கொண்டே வந்து, சரியாக வெர்பீனாவுக்கு முன்னால் நின்றாள்.

"வெர்பீனாதானே? நீ பொய் சொல்லமாட்டே. எங்க வீட்ல எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நீ சொல்லு. தொப்பி எனக்கு எப்படி இருக்கு?"

9

வெர்பீனா வெடித்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் தெருவே சேர்ந்துகொண்டது, பேச்சும் ரத்தாயிற்று. ஆனாலும் அப்படியொரு சிரிப்புக்கு அது தகும் என்பது சீஃபஸ் தருகிற முடிவு.

ஆண்டவர் அவள் வாயைக் காத்தார், "அழகா இருக்குங்க மேடம்" என்றாள் என்பது ரெவரெண்டின் முடிவு.

கையை நீட்டித் தொப்பியைத் தூக்கித் தன் தலையில் வைத்து, "இப்படித்தாங்க இருக்கணும்" என்று காட்டினாள் என்பது சிகையலங்காரக் கடையின் முடிவு. அங்கே எதையும் சற்றுத் தூக்கிவிடுவார்கள்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் வருத்தம், இரண்டாவதில் பொய், மூன்றாவதில் சிறை. வெர்பீனாவிடமே கேட்டேன்.

"அந்த நிமிஷத்துல அங்க நின்னவளுக்குத்தான் தெரியும்" என்றாள். "நீ நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பே? அதை எழுது."

எனக்கு வரவில்லை. ஆகவே நகருகிறேன். இந்தப் படிக்கு நீங்கள் வாருங்கள்.

மிஸஸ் ஸ்டாட் முகத்தை இன்னும் சற்றுத் தூக்கி, விளிம்புக்கு அடியிலிருந்து உங்களைத் தேடுகிறாள். செர்ரிப் பழங்கள் அவள் வாயருகே ஆடுகின்றன. எதிர்ப்படியில் கிரிம்ஷா மூச்சைப் பிடித்திருக்கிறார். உங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கள் பெண்கள் அத்தனை பேரும், ஒருத்தி விரலை ஒருத்தி நெரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கண்ணாடி அவர்களுக்கு விரியுமா மடங்குமா என்பது இப்போது உங்கள் வாயில் இருக்கிறது.

பதில் சொல்லுங்கள். அதற்குமுன் முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். ரொம்ப நேரமாக நீங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.